ஐந்து ஆண்டில் இரண்டு பட்டமா?

கேள்வி: மகள் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் அமெரிக்க டிகிரி டிரான்ஸ்பர் படிப்பில் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு அமெரிக்கா போய், அரசியல் அறிவியலில் இளங்கலை, முதுகலை இரண்டையும் சேர்த்து ஐந்தே ஆண்டில் முடிக்கலாம் என்கிறாள். நம்பிப் பணம் கட்டலாமா?
– ஒரு தந்தை, பட்டர்வொர்த்

பதில்: ஐயா, மகள் சொல்வது உண்மைதான். ஆனால் வழக்கமாக இரண்டுக்கும் ஆறு ஆண்டு ஆகும்; அதில் அந்த ஓராண்டு எங்கிருந்து மிச்சமாகிறது என்பதைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

அங்கே இளங்கலைக்குப் பொதுவாக 120 கிரெடிட். முதுகலைக்கு 30 அல்லது சற்றுக் கூடுதல். ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட். இந்தத் திட்டத்தில், நான்காம் ஆண்டிலேயே எடுக்கும் மூன்று நான்கு முதுகலைப் பாடங்களை இரண்டு பட்டத்துக்கும் சேர்த்து எண்ணிக்கொள்வார்கள். நான்கு பாடம் என்று வையுங்கள். 30-இல் 12 கழிந்து மீதி 18. முதுகலை மாணவருக்குப் பெரும்பாலும் செமஸ்டருக்கு 9 கிரெடிட் எடுத்தாலே முழுநேரம். மாணவர் விசாவுக்கும் அது போதும். ஆக, இரண்டே செமஸ்டர். மாயம் ஒன்றுமில்லை.

இடறுவதும் இங்கேதான். அந்த நான்கு பாடங்களிலும் பெரும்பாலும் பி-க்குக் குறையக் கூடாது. ஒன்றில் சி வாங்கினால் இளங்கலைக்கு எண்ணுவார்கள், முதுகலைக்கு எண்ண மாட்டார்கள். 18 என்பது 21 ஆகிவிடும். ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட் சுமக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது செமஸ்டருக்கும் வாடகை, சாப்பாடு. முதுகலை செமினார் என்றால் வாரந்தோறும் நூற்றுக்கணக்கான பக்க வாசிப்பு, கடைசியில் நீண்ட ஆய்வுக் கட்டுரை. நான்காம் ஆண்டில் செமஸ்டருக்கு இரண்டுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

மகளைப் போன்ற டிரான்ஸ்பர் மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, ஏஜெண்டுகள் அதைப் பேசுவதே இல்லை. பல பல்கலைக்கழகங்கள் இங்கே படித்த கிரெடிட்டை ஏற்கும், மதிப்பெண்ணை ஏற்காது. ஜிபிஏ (ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2 என்று எண்ணும் சராசரி) பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்த ஐந்தாண்டு இணைப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பதோ வழக்கமாக மூன்றாம் ஆண்டில். அப்போது கையில் இருப்பது ஒரே ஒரு செமஸ்டர், ஐந்து பாடம். ஒரு ஏ, மூன்று பி, ஒரு சி என்றால் சராசரி சரியாக 3.0. பல துறைகள் கேட்பது 3.3, 3.5. இங்கே எடுத்த ஏ எல்லாம் அந்தக் கணக்கில் வராது. பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். போன முதல் மாதத்திலிருந்தே அவர்களை அறைக்குப் போய்ப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள்.

இங்கே என்ன படிக்கலாம்? புள்ளியியல் கட்டாயம் எடுக்கட்டும். அரசியல் அறிவியல் என்றால் சட்டமும் மேடைப் பேச்சும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அங்கே ஆய்வுமுறைப் பாடத்தில் ஆர், ஸ்டேட்டா போன்ற மென்பொருளில் தேர்தல் தரவை அலசச் சொல்வார்கள். அந்தப் பாடத்துக்கு முன்தகுதியாகப் பல இடங்களில் புள்ளியியலைக் கேட்பார்கள். அது இல்லாமல் போனால் வரிசை முழுவதும் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும்.

பணத்தில் ஒன்று. இளங்கலை உதவித்தொகை ஐந்தாம் ஆண்டில் பெரும்பாலும் நின்றுவிடும். பிடிபிடிஎன் என்ற அரசின் உயர்கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். ஐந்தாம் ஆண்டுச் செலவை இப்போதே தனியாக எழுதிப் பாருங்கள்.

எல்லாருக்கும் இது தேவையுமில்லை. பிடிடி அதிகாரியாகும் (மலேசிய அரசின் நிர்வாக, தூதரகச் சேவை) எண்ணமிருந்தால் இளங்கலை போதும். எஸ்பிஎம்மில் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) மலாய்மொழியில் கிரெடிட் நிலைத் தேர்ச்சிதான் முக்கியம். பேராசிரியராக வேண்டுமென்றால், அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கு இளங்கலையிலிருந்தே நேராக எடுப்பார்கள்; நல்ல துறைகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப் பணமும் தரும். கையிலிருந்து முதுகலைக்குச் செலவழிப்பது வீண். கொள்கை ஆய்வு, அரசு சாரா அமைப்பு என்று போக நினைப்பவருக்கு இந்த ஐந்தாண்டு பொருந்தும்.

பல்கலைக்கழகத்துக்கு மகளே மின்னஞ்சல் எழுதட்டும்: டிரான்ஸ்பர் மாணவரை ஏற்பீர்களா, அங்கேயே குறைந்தது எத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும், நான்காம் ஆண்டு முடிவில் இளங்கலைப் பட்டம் தனியாகக் கைக்கு வருமா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே தரும் இடத்தில், ஐந்தாம் ஆண்டைப் பாதியில் விட்டால் இளங்கலையாவது கிடைக்குமா என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்றே செய்ய ஒரு வேலை: முடித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் ஸ்கேன் செய்து வைக்கச் சொல்லுங்கள். அங்கே போகும்போது கேட்பார்கள். அப்போது இங்கே அந்த விரிவுரையாளரே கல்லூரி மாறியிருக்கலாம்.