மறுவாசிப்பில் ‘என் இனிய இயந்திரா’: கேள்வி பதில்

கேள்வி: கல்லூரி நாட்களில் உயிராக இருந்த நாவல். கதை நடக்கும் காலமே கடந்துபோன பிறகு படித்தால் சப்பென்று இருக்குமா சார்?

பதில்: இருக்காது. சுஜாதா கதையை 2020களின் தொடக்கத்தில் வைத்தார். அதை ஜோசியமாக எடுத்துக்கொண்டு, எது பலித்தது என்று டிக் அடிக்க உட்கார்ந்தால்தான் ஏமாற்றம். அவர் எழுதியது எண்பதுகளின் பயத்தை. பிள்ளை பெற அரசு அனுமதி, இரண்டே எழுத்தில் பெயர், வயதானால் சாவும் அரசாணைப்படி. நெருக்கடி நிலைக் காலத்துக் (1975-77) கட்டாயக் கருத்தடையின் ரணம் அப்போது ஆறியிருக்கவில்லை. சீனாவில் ஒரு குழந்தைத் திட்டம் வந்திருந்தது. மக்கள்தொகை வெடித்துவிடும் என்பதுதான் எங்கும் பேச்சு. நடந்ததோ தலைகீழ்: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.0 குழந்தைகள்தான். பயம் பொய்த்தது, அந்தப் பயத்தைக் காட்டி ஆளும் கதையின் சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சி மட்டும் துளியும் பழசாகவில்லை.

கேள்வி: ஜீனோ இன்னும் பிடிக்கிறதா?

பதில்: முன்னைவிட! அன்று அந்த இயந்திர நாயின் நக்கலுக்குச் சிரித்தோம். இப்போது, அது புத்தகங்களாகப் படித்துத் தள்ளி, சொந்தமாக யோசிக்கத் தொடங்கும் இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. எழுத்துக் குவியலைத் தின்று வளர்ந்த சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பரில். சுஜாதா 2008லேயே போய்விட்டார். இருந்திருந்தால் குறும்பாக ஒரு பத்தியாவது கிடைத்திருக்கும்.

கேள்வி: கதாநாயகி நிலா அசடு என்கிறாள் என் மகள்.

பதில்: பாதி சரி. காணாமல்போன கணவன் சிபியைத் தேடும் அத்தியாயங்களில், யார் எதைச் சொன்னாலும் நம்புகிறாள்; எனக்கும் எரிச்சல் வந்தது. ஆனால் சந்தேகப்படவே கற்றுத்தராத ஆட்சியில் வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பாள்? அவளுடைய வெகுளித்தனத்தை, உதவுவதாக வரும் ரவியும் மனோவும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: முடிவு தெரியுமே, சுவாரசியம் போகாதா?

பதில்: ஜீவா பற்றிய ரகசியம் தெரிந்து படித்தால் ஆரம்ப வசனங்களே வேறு மாதிரி கேட்கும். இதற்குமேல் சொன்னால் முதல்முறை படிப்பவர்கள் அடிக்க வருவார்கள்.

கேள்வி: ஒரே மூச்சில் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். விகடனில் வாரத் தொடராக வந்தது; அத்தியாயத்துக்கு அத்தியாயம் கடைசி வரியில் கொக்கி இருக்கும். அடுத்தடுத்துப் படித்தால் அலுக்கும்.

கேள்வி: இதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வையும் படிக்கலாமா?

பதில்: கட்டாயம். இதை முடித்த கையோடு எடுங்கள்.