எல்விஸின் இளமைக்காலக் காதலி: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி என்றாலே எல்லாரும் அவர் மனைவியாக இருந்த பிரிசில்லாவைத்தான் பேசுகிறார்கள். அவர் பிரபலமாகும் முன்பே டிக்ஸி லாக் என்ற பள்ளி மாணவியைக் காதலித்ததாக எங்கோ ஒரு வரி படித்தேன். யார் அந்தப் பெண்?
– வாசகி, காரைக்குடி

பதில்: பிரிசில்லாவை எல்விஸ் சந்தித்தது 1959இல், ராணுவ சேவைக்காக ஜெர்மனியில் இருந்தபோது. டிக்ஸியின் கதை அதற்கு ஐந்தாண்டுகள் முந்தையது. எல்விஸ் வாழ்ந்த மெம்ஃபிஸ் நகரைத் தாண்டி அவர் பெயரை யாரும் கேள்விப்பட்டிராத காலம். 1954 ஜனவரியில் அவருக்கு 19 வயது, டிக்ஸிக்கு 15. இருவருமே ஃபர்ஸ்ட் அசெம்ப்ளி ஆஃப் காட் தேவாலயத்துக்குச் சென்றுவந்தவர்கள். பெரிய கிருதாவும் பளிச்சென்ற உடைகளுமாக வந்துபோன அந்த இளைஞரைச் சபையில் பலருக்கும் புரியவில்லை; டிக்ஸிக்குப் பிடித்திருந்தது. வரும் சனிக்கிழமை ரோலர் ஸ்கேட்டிங் கூடத்துக்குப் போகப்போவதாக, அவர் காதில் விழும்படியாகவே தோழிகளிடம் உரக்கச் சொல்லிவைத்தார். நினைத்தபடியே எல்விஸ் அங்கே வந்து நின்றார். காலில் சக்கரக் காலணியை மாட்டிக்கொண்டாரே தவிர, அவருக்கு ஸ்கேட்டிங் வராது. ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். டிக்ஸிதான் அருகில் போய்ப் பேச்சைத் தொடங்கினார். பின்னாளில் மேடையில் இடுப்பை அசைத்தே உலகத்தை மயக்கிய மனிதர், தம் காதலியிடம் முதன்முதலில் பேசியது விழுந்துவிடாமல் கம்பியைப் பற்றி நின்ற கோலத்தில் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கேள்வி: அந்தப் பெண்ணுக்காக அவர் பாட்டு ஏதாவது எழுதினாரா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. எல்விஸ் பாடகர்; பாடலாசிரியர் அல்லர். 1954 ஜூலையில் வெளிவந்த அவரது முதல் இசைத்தட்டின் ஒரு பக்கம் கறுப்பின ப்ளூஸ் பாடகர் ஆர்தர் க்ரூடப்பின் பாட்டு. மறுபக்கம் நாட்டுப்புறப் பாடகர் பில் மன்றோவுடையது. நீங்கள் மனத்தில் வைத்துக் கேட்பது ரிச்சி வாலன்ஸாக இருக்கலாம். கலிஃபோர்னியாவின் பகோய்மாவைச் சேர்ந்த அந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்தான் பள்ளித் தோழியின் பெயரையே தலைப்பாக வைத்து ‘டோனா’ என்ற பாட்டை எழுதினார். 1958 அக்டோபரில் வெளிவந்த அது அமெரிக்கப் பாடல்களின் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. ஆனால் அதற்குள் 1959 பிப்ரவரி 3 அன்று விமான விபத்தில், 17 வயதிலேயே, அவர் இறந்துவிட்டிருந்தார்.

கேள்வி: காதலித்த நாள்களில் இருவரும் எப்படிப் பொழுதைக் கழித்தார்கள்? எல்விஸின் இசையில் டிக்ஸிக்கு ஏதாவது பங்கு உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கையில் காசில்லாத இருவர் எப்படிக் கழிப்பார்களோ அப்படித்தான்: சினிமா, பூங்கா, பழைய லிங்கன் காரில் ஊர் சுற்றுவது, வாசல் திண்ணையில் மணிக்கணக்கில் பேசுவது. இசையில் டிக்ஸியின் பங்கு என்பதைவிட, அந்த இசை உருவான இடங்களுக்கெல்லாம் உடன் சென்ற சாட்சி அவர் என்று சொல்வதே பொருத்தம். எலிஸ் அரங்கில் விடிய விடிய நடந்த காஸ்பல் (கிறிஸ்தவப் பக்தி இசை) கச்சேரிகளுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் தேவாலயத்திலிருந்து நைசாக நழுவி, பக்கத்திலேயே இருந்த ஈஸ்ட் டிரிக் பாப்டிஸ்ட் ஆலயத்துக்குச் சென்று, போதகர் ஹெர்பர்ட் ப்ரூஸ்டரின் சபையில் கறுப்பினத்தவர் பாடும் பக்திப் பாடல்களைக் கேட்டுவிட்டு, ஆராதனை முடிவதற்குள் ஓடிவந்து தங்கள் இருக்கையில் அமர்ந்துகொள்வார்களாம். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் படிக்க முடியாதிருந்த ஊரில் நடந்தது இது. எல்விஸின் குரலில் இரு இனங்களின் இசையும் எப்படிக் கலந்தன என்று பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்கலாம்.

அந்தப் பாட்டுகளில் இருவருக்கும் இருந்த பற்று எவ்வளவு என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். அவர்கள் விரும்பிக் கேட்ட பிளாக்வுட் பிரதர்ஸ் காஸ்பல் குழுவைச் சேர்ந்த இருவர், 1954 ஜூன் 30 அன்று அலபாமாவில் விமான விபத்தில் இறந்தார்கள். எலிஸ் அரங்கில் நடந்த இறுதிச் சடங்குக்கு எல்விஸும் டிக்ஸியும் ஒன்றாகவே போனார்கள். அதை அடுத்து டிக்ஸி விடுமுறைக்காகக் குடும்பத்துடன் ஃபுளோரிடாவுக்குக் கிளம்பினார்.

கேள்வி: பேரும் புகழும் வந்ததும் எல்விஸ் அவரைக் கைகழுவிவிட்டார், அப்படித்தானே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள், தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பொருந்தவில்லை. டிக்ஸி ஃபுளோரிடாவில் இருந்தபோது, ஜூலை 5 அன்று, யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் இருந்த சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ் தம் முதல் இசைத்தட்டுக்கான பாட்டைப் பதிவுசெய்தார். சில நாள்களிலேயே மெம்ஃபிஸ் வானொலியில் அது திரும்பத் திரும்ப ஒலித்தது. சீக்கிரம் திரும்பி வா, என் இசைத்தட்டு நன்றாகப் போகிறது என்ற பொருளில் அவர் டிக்ஸிக்குத் தந்தி கொடுத்தார். மின்பணி நிறுவனத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் விடைபெற்றுப் போன பெண், திரும்பி வந்தபோது ஊரே பேசும் ஒரு பாடகரைக் கண்டார்.

ஜூலை 30 அன்று ஓவர்டன் பூங்காவின் திறந்தவெளி அரங்கில் எல்விஸ் பாடினார். பதற்றத்தில் அவர் கால் நடுங்க, அதைப் பார்த்துக் கூட்டம் கூச்சலிட்டது. எதற்காகக் கத்துகிறார்கள் என்று அவருக்கே முதலில் விளங்கவில்லை. கூட்டத்தில் டிக்ஸியும் இருந்தார். நேற்றுவரை தம்முடையவராக மட்டுமே இருந்தவரைப் பார்த்து முன்பின் தெரியாத பெண்கள் கத்துவது, எந்தப் பெண்ணுக்கும் எளிதில் செரிக்கக்கூடிய காட்சியல்ல.

அவர்களைப் பிரித்ததில் புகழைவிடப் பயணத்துக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. 1954 அக்டோபரிலிருந்து அவர் லூயிசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட்டில் சனிக்கிழமை வானொலி நிகழ்ச்சிகளில் பாடினார். மெம்ஃபிஸிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர். மற்ற நாள்களில் டெக்சஸ், ஆர்கன்சா, மிசிசிப்பி என்று காரிலேயே அலைச்சல். டிக்ஸியோ இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். தாம் ஊரில் இல்லாதபோது டிக்ஸி எங்கும் போகாமல் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று எல்விஸ் எதிர்பார்த்தார். இது நியாயமில்லாத எதிர்பார்ப்பு என்று தயங்காமல் சொல்வேன். எல்விஸ் ஊரில் இல்லாத நாள்களில் டிக்ஸி அவரது தாய் கிளாடிஸுக்குத் துணையாக இருந்தார். ஏறக்குறைய மருமகளாகவே கிளாடிஸ் அவரை நினைத்திருந்தார். 1955 மே மாதம் டிக்ஸியின் பள்ளி நடன விருந்துக்குத் தம் பயணங்களுக்கு இடையே எல்விஸ் வந்து சேர்ந்தார். சண்டையும் சமாதானமுமாகச் சில மாதங்கள் இழுத்துக்கொண்டு போய், அந்த ஆண்டிலேயே இருவரும் பிரிந்தார்கள். முடிவைக் கிளாடிஸிடம் சொல்ல டிக்ஸி நேரில் போனபோது, இரு பெண்களும் சேர்ந்து அழுதார்கள்.

ஆர்.சி.ஏ. என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு வாங்கியது 1955 நவம்பரில். அவரது புகழ்பெற்ற பாட்டான ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ பதிவானது 1956 ஜனவரி 10 அன்று. முதல் தேசியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி அதே மாதம் 28ஆம் தேதி. நீங்கள் சொல்லும் நாடளாவிய பேரும் புகழும் வந்து சேர்ந்தது இந்த வாரங்களில்தான். விலகும் முடிவை எடுத்து, அதைத் தாயிடம் நேரில் போய்ச் சொன்னவர் டிக்ஸி. கைகழுவியவர் எல்விஸ் என்று எழுதுவது நியாயம் ஆகாது.