செம்பு வயர் கறுத்தால் வீடு முழுக்க மாற்ற வேண்டுமா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வயரிங் செய்து 9 வருடம் ஆகிறது. கீசர் பிளக் சூடாகிறதே என்று போர்டைக் கழற்றினால், உள்ளே செம்புக் கம்பி கரியாகக் கறுத்திருக்கிறது. வராந்தா போர்டில் பச்சை பூத்திருக்கிறது. "போலி வயர், எல்லாத்தையும் மாத்திடுங்க" என்கிறார் எலெக்ட்ரீஷியன். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வயர் கடைக்குப் போகாதீர்கள். நிறத்தை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. சுத்தமான செம்பும் கறுக்கும். பூஜையறைச் செம்பை நாலு வாரம் தேய்க்காமல் விட்டால் மங்கிப் பழுப்பாகிறதே, அதேதான். காற்றின் ஆக்சிஜனால் வரும் அந்த மெல்லிய பழுப்பால் கரண்டுக்கு இடைஞ்சல் இல்லை.

கரிக் கறுப்புதான் கவனிக்க வேண்டியது. உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது லூஸான ஸ்க்ரூவை. 2000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். பிடிப்பு தளர்ந்த இடத்தில் சூடேறும். சூட்டில் கறுப்புப் படலம் தடிக்கும். அதனால் இன்னும் சூடேறும். சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்கானது. அதற்கு மேல் தொடர்ந்து காய்ந்தால் உறை விறைத்து விரிசல் விடும். மிகவும் கருகினால் அதிலிருந்தே அமிலப் புகை கிளம்பிச் செம்பை அரிக்கும்.

வராந்தாவில் இருப்பது களிம்பு. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்த வேலை. அந்த போர்டுக்குள் ஈரம் வரும் வழியை அடைக்காமல் எத்தனை தடவை வயர் மாற்றினாலும் திரும்பப் பூக்கும். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பாத்திரத்தைக் கழுவிவிடுவோம், வயரைக் கழுவ முடியாது. புளிப்பு அங்கேயே தங்கி அரிக்கும்.

எலெக்ட்ரீஷியனிடம் இப்படிச் சொல்லுங்கள்: மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, உறையை இன்னும் இரண்டு அங்குலம் சீவட்டும். உள்ளே செம்பு பளபளத்தால் கெட்டது நுனி மட்டும்தான். அதை வெட்டி, லக் (கம்பி நுனியில் மாட்டி அழுத்தும் உலோக முனை) போட்டு இறுக்கினால் போதும். சூடான பிளக் பாயிண்டை மட்டும் கண்டிப்பாக மாற்றுங்கள். அதன் பிடிப்பு போயிருக்கும். ஓர் அடி உள்ளேயும் கறுப்பு என்றால் அந்த லைனை மாற்றுங்கள். மற்ற லைன்களை 500 வோல்ட் மெக்கரில் (உறை வழியே கரண்டு கசிகிறதா என்று பார்க்கும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனை அப்படியே விட்டுவிடக் கூடாது.

சரி, வாங்குவதென்றால்? உறையில் ஐஎஸ் 694 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய வயரும் விற்கிறார்கள். வெளிப் பார்வைக்கு அசல் செம்பு. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். காயிலைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும்: 90 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் காயிலில் செம்பு மட்டுமே சுமார் 1.2 கிலோ இருக்க வேண்டும், உறை தனி. கீசருக்கு 1.5 வேண்டாம், 4 போடுங்கள். வராந்தாவுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் கடலோரத்தில் தாங்கும்.

பில்லில் பிராண்டும் அளவும் எழுதச் சொல்லுங்கள். "எலெக்ட்ரிக் சாமான்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.