காற்று வீசும்போது காற்றாலை ஏன் நிற்கிறது?

அன்புள்ள ஐயா,

வள்ளியூரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை சரக்கு எடுக்க நாகர்கோவில் போவேன். ஆடி மாதம் ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று வண்டியையே ஒதுக்கித் தள்ளுகிறது. அந்தக் காற்றிலும் சில காத்தாடிகள் அசையாமல் நிற்கின்றன. போன வாரம் எண்ணிப் பார்த்தேன். சாலையிலிருந்து தெரிந்த முப்பதில் பதினொன்று நின்றன. பழுதா என்று டீக்கடையில் கேட்டேன். “பழுதெல்லாம் இல்ல, கரண்ட் வேண்டாம்னு நிறுத்தச் சொல்லிட்டாங்க” என்றார்கள். சும்மா வருகிற காற்றை நிறுத்திவிட்டு, காசு கொடுத்து நிலக்கரி வாங்கி தூத்துக்குடியில் எரிப்பது என்ன நியாயம்? எல்லாம் நிலக்கரி வியாபாரிகள் செய்கிற வேலை என்கிறார் என் மைத்துனர். நிலக்கரியை விட்டு வெளியே வருவது நினைப்பதைவிடக் கடினமான வேலை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எங்கே கடினம் என்று எனக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

இன்னொன்று. மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கவுன்சலிங்கில் ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) எடுக்க வேண்டும் என்கிறாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ம., வள்ளியூர்

*

அன்புள்ள ம.,

வண்டி ஓட்டிக்கொண்டே காத்தாடிகளை எண்ணியிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு வந்த கடிதங்களில் கண்ணால் பார்த்ததிலிருந்து கேள்வி கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டீக்கடையில் சொன்னது பெரும்பாலும் சரி. அந்தப் பதினொன்றில் ஒன்றிரண்டு பழுதாகவும் இருந்திருக்கலாம், அங்கே வயதான காற்றாலைகள் நிறைய. மற்றவை ‘பேக் டவுன்’ செய்யப்பட்டவை. அதாவது உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்திருக்கும். ஏன் வருகிறது அந்த உத்தரவு?

உங்கள் கடையில் அரிசி மூட்டை ஒரு வாரம் கிடக்கலாம். வாங்க ஆள் வரும்வரை காத்திருக்கும். கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு நொடியில் எவ்வளவு உற்பத்தியாகிறதோ அவ்வளவும் அதே நொடியில் செலவாக வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் சிக்கல். அந்தச் சிக்கலை முதலில் காட்டிக்கொடுப்பது அதிர்வெண், அதாவது கம்பியில் மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் மாறி ஓடுகிறது என்ற கணக்கு. நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நீராவியால் சுழலும் டர்பைன் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுவது இந்தக் கணக்கில்தான், நொடிக்கு 50 சுற்று. 2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னிந்திய கிரிட்டை, அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையை, மற்ற இந்தியாவோடு இணைத்தார்கள். அன்றிலிருந்து பஞ்சாபில் சுற்றும் டர்பைனும் தூத்துக்குடியில் சுற்றுவதும் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. தேவை கூடினால் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் மெதுவாகும், குறைந்தால் எல்லாம் சேர்ந்து வேகமெடுக்கும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு சின்ன இடைவெளி பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன்பு, தென் மாவட்டத்தில் ஒரு துணை மின்நிலையத்தில் வேலை பார்த்த நண்பரோடு ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஆடி மாதம்தான். சுவரில் ஒரு மீட்டர், சிவப்பு எண்கள். 50.01, 49.98, 50.03. நண்பர் டீ குடித்தார், பேசினார், சிரித்தார். கண் மட்டும் அதைவிட்டு அகலவில்லை. இரண்டு மணி தாண்டி போன் வந்தது. “இருபது மெகாவாட் குறைங்க.” நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு, காற்றாலைகள் இணைந்திருந்த ஒரு பீடரை, அதாவது மின்பாதையை, நிறுத்தினார். வெளியே யார்டில் அந்தப் பாதையைத் துண்டிக்கும் பிரேக்கர் திறந்த சத்தம் வேட்டு போட்டது மாதிரி கேட்டது. கொஞ்ச நேரத்தில் காற்றாலைக்காரர்களிடமிருந்து போன். “சார், காத்து இப்பதான் நல்லா வருது.” நண்பர் பதில் சொல்லாமல் போனைக் காதில் வைத்தபடியே இருந்தார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நினைவுக்கு வந்தது அந்த முகம்தான்.

2020 ஏப்ரல் 5 உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் எல்லோரும் விளக்கணைத்து அகல் ஏற்றிய நாள். நாம் வாசலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் நாடு முழுவதும் மின் தேவை ஏறத்தாழ 31,000 மெகாவாட் சரிந்தது. அது தமிழ்நாட்டின் உச்சபட்சத் தேவையைவிட அதிகம். ஒன்பது நிமிடம் முடிந்ததும் அத்தனையும் திரும்பி வந்தது. கிரிட் விழாமல் நின்றதற்கு முக்கியக் காரணம் நீர்மின் நிலையங்கள். எட்டே முக்காலிலிருந்து படிப்படியாக 17,500 மெகாவாட் அளவுக்கு அவற்றைக் குறைத்து, பிறகு அதே வேகத்தில் ஏற்றினார்கள். மதகை மூடித் திறப்பது போலத் தண்ணீரில் அதைச் செய்யலாம். நிலக்கரியில் அந்த வேகத்தில் முடியாது.

உங்கள் நியாயமான கோபத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. காற்று அதிகமாக வீசுகிற நேரத்தில் நிலக்கரியை நிறுத்திவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். குறைக்கிறார்கள். ஆனால் ஒரு கொதிகலனை ஓரளவுக்கு மேல் குறைத்தால் தீ நிலையாக நிற்காது, அணையாமல் இருக்க எண்ணெய் ஊற்ற வேண்டிவரும். முழுத் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே பெரும்பாலான யூனிட்டுகள் (ஒரு கொதிகலனும் அதன் டர்பைனும் சேர்ந்தது ஒரு யூனிட்) இறங்காது. 210 மெகாவாட் யூனிட் என்றால் ஏறத்தாழ 115 மெகாவாட். சரி, ஒரேயடியாக அணைத்துவிடலாம் என்றால், ஆறிப்போன கொதிகலனைத் திரும்பச் சூடேற்றி முழு உற்பத்திக்குக் கொண்டுவர பல மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் கனமான குழாய்களும் டர்பைன் உடலும் சீரில்லாமல் விரிந்து விரிசல் விடும். ஆனால் மாலை ஆறு மணிக்குச் சோலார் படுத்துவிடும். ஏழு மணிக்கு வீடுதோறும் விளக்கு, ஃபேன், ஏசி. தமிழ்நாட்டின் தேவை 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. சாயங்காலக் கூட்டத்துக்காக ஓட்டல்காரர் மத்தியானமும் அடுப்பைச் சிம்மில் வைத்திருப்பது போல, மாலைக்காகப் பகலிலும் நிலக்கரியை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அது எரிந்துகொண்டிருக்கும் இடத்தில் காற்றுக்கு இடம் குறைகிறது.

காற்றின் குணமும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் சக்தி எட்டு மடங்காகும். அதனால் காற்றின் வேகத்தைக் கணிப்பதில் சின்னப் பிழை வந்தாலும் உற்பத்திக் கணக்கில் அது பெரிதாகிவிடும்.

அப்புறம் கம்பி. காற்று வீசுவது தென்கோடியில், மின்சாரம் அதிகம் வேண்டியிருப்பது சென்னையிலும் கோவையிலும். ஒரு லைன் தாங்கும் அளவுக்கு மேல் அனுப்பினால் கம்பி சூடேறித் தொய்யும். சூரியப் பூங்காவைச் சில மாதங்களில் அமைத்துவிடலாம், 648 மெகாவாட் கமுதி நிலையத்தை அப்படித்தான் விரைவாகக் கட்டினார்கள். ஆனால் 400 கிலோவோல்ட் லைனுக்குப் பல வருடம் ஆகிறது. ஒவ்வொரு கோபுரமும் யாரோ ஒருவருடைய தோட்டத்தில் கால் ஊன்ற வேண்டும். கொங்குப் பகுதி விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடியபோது அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தலைக்கு மேல் கம்பி போகிற நிலத்தை யாரும் நல்ல விலைக்கு வாங்குவதில்லை. நாட்டுக்கே பயன்படும் வேலையின் செலவை அந்தக் குடும்பம் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? வாடகை மாதிரி வருடா வருடம் அவர்களுக்குப் பணம் கொடுத்தால் லைன் வேலை இன்னும் வேகமாக நடக்கும் என்று நம்புகிறேன். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கிலோவோல்ட் நேர்மின் லைன் 6000 மெகாவாட் கொண்டுவரக்கூடியது. திருப்பி வடக்கே அனுப்பவும் அதில் வசதி உண்டு. நம் ஆடிக் காற்று வடக்கே விளக்கெரிக்கலாம். ஆனால் உங்கள் பக்கத்துக் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலிலிருந்து புகளூர் வரை போகும் பாதையும் அகலமாக இருக்க வேண்டும்.

மின்சாரத்தைச் சேர்த்து வைக்க முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியும். நம்மிடமே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை, 400 மெகாவாட், எண்பதுகளின் கடைசியிலிருந்து ஓடுகிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே மேல் ஆழியாறு அணைத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். வேண்டும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். வீட்டு மாடித் தொட்டி மாதிரிதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 400 மீட்டர் உயரத்திலிருந்து 1000 லிட்டர் தண்ணீர் இறங்கினால் கிடைப்பது கரண்ட் பில் கணக்கில் ஏறத்தாழ ஒரு யூனிட். உங்கள் கடை ஃபிரிட்ஜ் ஒரு நாள் ஓடுவதற்கே ஒன்றிரண்டு யூனிட் வேண்டும். அதற்கு மட்டும் ஒன்றிரண்டு டேங்க் தண்ணீரை மலையேற்ற வேண்டும், ஏற்றி இறக்குவதில் கால் பங்கு போல நஷ்டமும் உண்டு. இவ்வளவு தண்ணீரும் இவ்வளவு உயரமும் சேர்ந்து அமையும் மலை நம்மிடம் அதிகமில்லை. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் வேலை வருடக்கணக்கில் நடக்கிறது. பேட்டரி விலை குறைந்து வருகிறது, மத்தியான வெயிலை இரவு பத்து மணி வரை கொண்டுபோக அது போதும். ஆடிக் காற்றை மார்கழிக்குக் கொண்டுபோக எந்தப் பேட்டரியும் இன்று கட்டுப்படியாகாது. ஐப்பசி கார்த்திகையில் புயல் நகராமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் நாலைந்து நாள் வெயிலே இருக்காது. அன்று ஏசி ஓடாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

நம்மிடம் இன்னொரு சேமிப்பு இருக்கிறது. 20 லட்சத்துக்கும் மேல் விவசாய பம்ப்செட்டுகள் ஓடுகின்றன. இரவு மும்முனை மின்சாரத்துக்காகத் தூக்கம் விட்டு, பாம்புக்குப் பயந்து டார்ச் அடித்துக்கொண்டு வாய்க்காலில் நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மின்சாரத்தைப் பகல் பத்திலிருந்து மூன்றுக்குள் முழுமையாகக் கொடுத்தால் வெயில் வீணாகாது, அவர்களும் தூங்கலாம். எந்தப் பேட்டரியைவிடவும் மலிவான வழி இது. நாம் இதை இன்னும் முழு மூச்சாகச் செய்யவில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

உங்கள் மைத்துனரின் சந்தேகத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அனல்மின் நிலையங்களோடு போட்ட ஒப்பந்தங்களில் மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கொடுத்தாக வேண்டும். அப்படியிருக்க, எதை நிறுத்துவது என்பதில் பணக்கணக்கும் புகுந்துவிட வாய்ப்பு உண்டு. காற்றையும் சூரியனையும் கிரிட் பாதுகாப்புக் காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று 2021-இல் மத்திய அரசு விதியே போட்டது. அதனால் ஒவ்வொரு பேக் டவுனுக்கும் நேரம், அளவு, காரணம் மூன்றையும் அன்றன்றே பொதுவில் போட வேண்டும் என்பேன். உங்கள் பதினொன்று ஏன் நின்றது என்று நீங்கள் வள்ளியூரில் இருந்தே பார்க்க முடிய வேண்டும்.

இனி மகள் விஷயம். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்கிறேன். பெரும் சூறைக்காற்றில் மின் கோபுரங்கள் சாய்ந்தன. இரண்டு நிமிடத்துக்குள் கிரிட்டில் வோல்டேஜ் ஆறு முறை குலுங்கியது. காற்றாலைகள் நன்றாகத்தான் ஓடின, காற்றும் இருந்தது. ஆனால் பல காற்றாலைகளின் கட்டுப்பாட்டில், குறுகிய நேரத்தில் இத்தனை முறைக்கு மேல் வோல்டேஜ் குலுங்கினால் விலகிக்கொள் என்று ஓர் எண் பதிவாகியிருந்தது. அந்த எண்ணைத் தொட்டதும் அவை விலகின. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் போனது. பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த லைன் அந்தச் சுமையைத் தாங்காமல் தன்னைத்தானே துண்டித்துக்கொண்டது. மாநிலம் முழுவதும் இருட்டு. அப்படி ஓர் எண் இருப்பதே கிரிட்டை இயக்கியவர்களுக்கு அதுவரை தெரியாது.

பழைய டர்பைன்களில் பல டன் இரும்பு சுற்றிக்கொண்டிருக்கும். அடி விழுந்தால் அந்தச் சுழற்சியே சில நொடி தாங்கும். சோலாரில் சுற்றுவதற்கு ஒன்றும் கிடையாது, அதன் நேர்மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் மட்டும்தான். அது என்ன செய்ய வேண்டும் என்பதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். ஆஸ்திரேலியாக்காரர்கள் அந்த எண்ணை மாற்றினார்கள், 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள், பிறகு 2021-இல் மின்சாரமே தயாரிக்காமல் சும்மா சுற்றி கிரிட்டுக்குத் திடம் கொடுக்கும் நான்கு பெரிய இயந்திரங்களையும் நிறுவினார்கள். எரிக்க எரிபொருளே இல்லாமல், சுற்றுவதற்காக மட்டும் ஓர் இயந்திரம்! 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் பட்டப்பகலில் இருண்டன. அங்கே மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. வோல்டேஜ் ஏறிக்கொண்டே போனதுதான் சிக்கல்.

இந்த எண்களை எழுத ஆள் வேண்டும். கம்ப்யூட்டரும் தெரிந்து, டர்பைனும் தெரிந்த ஆள். சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள், ட்ரிபிள் ஈ எடுக்கட்டும். கோடிங்கை அவள் பக்கத்திலேயே கற்றுக்கொள்ளலாம். கல்லூரி சேருவதற்கு முன்பு ஒரு நாள் உங்களோடு வண்டியில் ஆரல்வாய்மொழிக்குக் கூட்டிப் போங்கள். நிற்கிற காத்தாடிகளை இந்த முறை அவள் எண்ணட்டும். கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கச் சொல்லும் மின்பாதுகாப்பு ரிலே பற்றிய பாடம் வரும்போது எனக்கு எழுதச் சொல்லுங்கள், என்னிடம் அவளுக்குக் கொடுக்க இரண்டு பழைய புத்தகங்கள் இருக்கின்றன.

அன்புடன்.