திரும்பி வரும் டிபன் பாக்ஸ்

அன்புள்ள அக்கா,

என் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. நாலரைக்கே எழுந்து சமைத்துக் கட்டிக் கொடுக்கிறேன். சாயங்காலம் டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. காலையிலும் வெறும் டீதான். கேட்டால் கேன்டீனில் பப்ஸ் சாப்பிட்டேன் என்கிறாள். 'டயட்' இருக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது. வீட்டுச் சோறு ஏன் இப்படிக் கசக்கிறது?

– பெயர் வேண்டாம், திருச்செங்கோடு

அன்புள்ள அம்மாவுக்கு,

வீட்டுச் சோறு கசக்கவில்லை. அடுத்த வீட்டுச் சோறு கொஞ்சம் கூடுதலாக இனிக்கிறது. பதினோரு வருஷம் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை பார்த்தவள் நான். மதியம் ஆறேழு பேர் பெஞ்சை இழுத்துப்போட்டு உட்காருவார்கள். யாரும் தன் டப்பாவில் கை வைக்க மாட்டார்கள். புளிசாதம் வந்தால் காலை இடைவேளையைத் தாண்டாது. முட்டைப் பொரியல் கொண்டுவந்தவளுக்கு வெங்காயம்தான் மிஞ்சும். தயிர்சாதமும் கீரையும் வகுப்பெல்லாம் சுற்றிவிட்டுச் சொந்தக்காரியிடமே வந்து சேரும். என்ன கட்டிக் கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவேயில்லை!

காலைக் கதை வேறு. ஆறே முக்காலுக்கு காலேஜ் பஸ் என்றால் ஆறரைக்கு இட்லி எப்படி இறங்கும்? சிலருக்கு, சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினாலே குமட்டும். தண்ணீர்கூடக் குடிக்காத பெண்கள் உண்டு. கழிவறை அந்த லட்சணம். டப்பாவைத் திறந்து பார்க்கிற நாம் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

பப்ஸைவிட எனக்கு டீதான் கவலை. சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேருவதைக் குறைத்துவிடும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதாமாதம் ரத்தம் போகிற உடம்புக்கு இரும்பு கூடுதலாக வேண்டும். ஆனால் ஈரல் வறுத்த அன்றைக்கு முதல் கரண்டி யார் தட்டில் விழுகிறது? என் வீட்டில் தம்பி தட்டில்தான் விழுந்தது.

ஒருதடவை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் போங்கள். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். பையில் நாலு கடலை மிட்டாயும் ஒரு கொய்யாவும் கிடக்கட்டும்; பஸ்ஸை விட்டு இறங்கியதும் பசிக்கும். புளிசாதம் கட்டுகிற அன்றைக்கு மட்டும் இரண்டு பிடி கூடப் போடுங்கள், அவள் பங்கு அவளுக்கு மிஞ்ச வேண்டுமே.