கேட்காமலே 1,400 டாலர் வந்தது எப்படி?

நண்பரின் கணக்கில் 2025 ஜனவரியில் அமெரிக்க வருமான வரித்துறை (ஐ.ஆர்.எஸ்.) திடீரென 1,400 டாலர் போட்டது மோசடியா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது அவருக்குச் சேர வேண்டிய பணம்தான்.

கொரோனா காலத்தில், 2021 மார்ச்சில் வந்த சட்டப்படி, தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் 1,400 டாலர் வரை உதவித்தொகை. அப்போது கிடைக்காதவர்கள் 2021 வரிப் படிவத்தின் 30-ஆம் வரியில் கேட்டு வாங்கியிருக்கலாம். பலர் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள், அல்லது பூஜ்யம் என்று எழுதினார்கள். ஐ.ஆர்.எஸ். பின்னர் பதிவுகளைச் சரிபார்த்து, இப்படி விட்டுப்போன சுமார் 10 லட்சம் பேருக்குத் தானாகவே பணம் அனுப்புவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. மொத்தம் ஏறத்தாழ 240 கோடி டாலர். வங்கிக் கணக்கிலோ காசோலையாகவோ வந்தது, தனியாக ஒரு கடிதமும் வந்தது.

ஆனால் 2021-க்குப் படிவமே தாக்கல் செய்யாதவர்களுக்கு இது தானாக வரவில்லை. அவர்கள் 2025 ஏப்ரல் 15-க்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும், வருமானமே இல்லாதவர்களும்கூட. எனக்கு வருத்தம் இதில்தான். வருமானம் குறைவு என்பதால் படிவம் போடாதவர்களுக்குத்தானே இந்தப் பணம் அதிகம் தேவைப்பட்டிருக்கும்?

அப்புறம், "பணம் பெற இந்த இணைப்பை அழுத்தவும்" என்று குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். இந்தத் தொகைக்கு யாரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை.