பக்கத்து வீட்டு நாயும் நம் நாட்டுக்கோழியும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, காலையில் பார்த்தால் ஆறு கோழி செத்துக் கிடந்தன. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. நாயா, கீரியா?

பதில்: நாயாகத்தான் இருக்கும். வீட்டில் வயிறாரத் தின்னும் நாய்க்குத் துரத்துவதே குறி. கோழி படபடத்து ஓட ஓட அதற்கு வெறி ஏறும். முதுகிலும் பின்பக்கத்திலும் பல் பட்டு, இறகு முற்றமெங்கும் சிதறியிருந்தால் நாய். கீரி பெரும்பாலும் தலையையும் கழுத்தையும் கடிக்கும். காட்டுப்பூனை கோழியைத் தூக்கிக்கொண்டே போய்விடும். ஈரமண்ணில் தடம் பாருங்கள்: நாய்த் தடத்தில் நகக்குறி தெரியும், பூனைத் தடத்தில் தெரியாது.

கேள்வி: பக்கத்து வீட்டு அண்ணனுடைய நாய்தான். சொன்னால், "எங்க நாய் அப்படிச் செய்யாது" என்கிறார்.

பதில்: நாய் உங்கள் முற்றத்தில் நிற்பதையும், செத்த கோழிகளையும் போனில் படமெடுத்து வையுங்கள். கோபத்தோடு தெருவில் நின்று கத்தினால் பேச்சு கோழியை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடும். அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில், இரண்டு பேருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரோடு போங்கள். "நாயைப் பார்த்துக்கோங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், "விடிந்ததும் கட்டுங்க, கோழி அடைந்த பிறகு அவிழ்த்துவிடுங்க" என்று கேளுங்கள். செத்த கோழிக்கு விலையும் தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உழைப்பு. மசியவில்லை என்றால் ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள், அடுத்தது காவல் நிலையம்.

கேள்வி: அந்த நாய்க்குக் கறியில் குருணை மருந்து (பயிருக்குப் போடும் பூச்சிக்கொல்லி) கலந்து வைத்தால் என்ன?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. அந்தக் கறியை உங்கள் கோழியும் கொத்தும், குழந்தையும் எடுக்கும். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் 5 ஆண்டு வரை சிறை. வேலியில் வீட்டுக் கரண்டை நேராகக் கொடுப்பதும் அதே மாதிரி கொடுமை. அதில் மனிதர்களே செத்திருக்கிறார்கள்.

கேள்வி: எந்த வேலி தாங்கும்?

பதில்: அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்க மட்டும்தான். பெரிய நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) அல்லது செயின் லிங்க் (பின்னிய கம்பிவலை), ஐந்தடி உயரத்துக்குக் குறையாமல் போடுங்கள். ஆனால் பல நாய்கள் தாண்டுவதில்லை, அடியில் தோண்டித்தான் நுழையும். ஆகவே வலையின் அடிப்பகுதியில் ஒன்றரை அடியை வெளிப்பக்கமாகத் தரையோடு மடக்கி, மேலே கல்லும் மண்ணும் போடுங்கள். வேலியோரம் தோண்ட வரும் நாயின் காலுக்கு அடியில் வலைதான் கிடக்கும். கையில் காசு குறைவா? முதலில் இரவுக் கூண்டைப் பலப்படுத்துங்கள், சுற்றிலும் இலந்தை முள் வையுங்கள். கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடையை வெளியே விடாதீர்கள், நாய் முட்டிக் கவிழ்த்துவிடும்.

கேள்வி: தெருநாய் கடித்து ஆடு, கோழி செத்தால் இழப்பீடு உண்டா?

பதில்: காங்கேயம், சென்னிமலைப் பக்கம் ஆடுகளைப் பறிகொடுத்த விவசாயிகள் போராடிய பிறகு, 2025-இல் தமிழக அரசு இழப்பீடு அறிவித்தது. செத்ததைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கடிபட்ட கோழி உயிரோடு இருக்கிறது. பிழைக்குமா அண்ணா?

பதில்: குடல் வெளியே வராவிட்டால் தேற்றப் பார்க்கலாம். காயத்தைச் சுற்றி இறகை நறுக்கி, உப்புக் கரைத்த ஆறவைத்த வெந்நீரில் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுங்கள். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும், தினமும் பாருங்கள். இருட்டான மூலையில் தனியாக விட்டு, தண்ணீர் பக்கத்தில் வையுங்கள். மற்ற கோழிகள் ரத்தத்தைப் பார்த்தால் கொத்தும். நாயின் எச்சில் பட்ட இடத்தைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையில் புண் இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.